முத்தும் போயிற்று, மூளையும் போயிற்று!

கம்பியில்லாத் தொடர்பின் நுட்பங்கள் தமிழுக்குள் அடங்கா என்று, தமிழ்ச்சோறு உண்டு ஆங்கிலத்தில் ஏப்பம்விடும் கூட்டத்தார் இன்றும் பிதற்றித் திரிகின்றனர். அன்னார் ஒருமுறை தூத்துக்குடித் துறைக்குச் சென்று வரட்டும்.

கடலினின்று விசைப்படகினன் ஒருவன் வானொலிக் கருவியிற் பேசுகின்றான். அவன் குரலைச் சுமந்த அலை நேரே ஒரு வழியாகவும், நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறித்து மற்றொரு வழியாகவும் கரைக்கு வருகின்றது. துறைமுகத்துப் பளுதூக்கிகளிலும் இரும்புப் பெட்டிகளிலும் மோதியும் வருகின்றது. பிந்தி வந்த அலை முந்தி வந்ததன்மேல் ஏறிச் சிலபோழ்து அதனை வலுப்படுத்தும். சிலபோழ்து அடியோடு அழித்துவிடும்.

இக்குழப்பத்தைத் தீர்ப்பதே சமனாக்கி. இருபுறத்தாரும் முன்னரே அறிந்த குறிகள் சில இடையிடையே அனுப்பப்பெறும். வந்ததையும் வந்திருக்க வேண்டியதையும் ஒப்பிட்டுப் பிழையைக் கணக்கிட்டு, அது குறையுமாறு கருவி தன் பெருக்கெண்களை மாற்றிக்கொள்ளும். படகு நகர நகர அலைவழி மாறும்; மாற மாறக் கருவியும் தன்னைத் திருத்திக்கொள்ளும். நீரோட்டத்தின் போக்கறிந்து சுக்கானைத் திருப்பும் தோணித் தண்டலின் வேலையன்றி இது வேறென்ன?

அலையை விடுக்குமிடத்தும் வாங்குமிடத்தும் நந்நான்கு அலைக்கொம்புகள் நின்றால், வாங்கும் ஒவ்வொரு கொம்பிலும் நான்கு செய்திகளும் கலந்தே விழும். பிரித்தெடுக்க எண்ணணியைத் தலைகீழாக்க வேண்டும். கொம்புகள் இருமடங்கானால் அக்கணக்கு ஏறத்தாழ எண்மடங்காகும். அதனை நொடியின் ஆயிரத்திலொரு கூற்றினும் குறைந்த நேரத்தில், விரல்நக அளவுச் சில்லொன்று சூடேறாமல் முடித்தாக வேண்டும். கடுமை இங்கேதான் உள்ளது, மொழியில் இல்லை.

இப்பல்கொம்பு முறைக்கு வித்திட்டவர் யார்? 1944-இல் பொள்ளாச்சியிற் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராசு! இந்தியக் கடற்படையாளராயிருந்தவர். 1971 திசம்பரில் குக்கிரி போர்க்கப்பலைப் பாக்கித்தான் நீர்மூழ்கி மூழ்கடித்த பின்னர், கடலடி ஒலியுணர் கருவிகளைச் செப்பஞ்செய்யும் பணி அவரிடம் வந்தது. கொச்சி ஆய்வகத்தில் அவர் தலைமையில் உருவான கருவி 1983-இல் கப்பலேறியது. நீருக்கடியிற் பல செவிகளை ஒருங்கு வைத்துக் கேட்கக் கற்ற அறிவே பின்னர் வானலைக்கு உதவியது. 1992-இல் அமெரிக்க இசுட்டான்போர்டிலிருந்து, தாமசு கைலாத்துடன் சேர்ந்து, அவர் காப்புரிமை கேட்டார், 1994-இல் கிடைத்தது. அவர் தொடங்கிய குழுமத்தின் நுட்பத்தை 2003-இல் இண்டெல் வாங்கிக்கொண்டது. 2014-இல் மார்க்கோனிப் பரிசும் வந்தது. அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஈன்ற நாடு அவர் அறிவைத் தன் மொழியில் எழுதிவைத்ததா என்பதே வினா.

கொற்கை முத்தின் கதையும் இதுவே. மூச்சடக்கி மூழ்கியவன் தமிழன். குளிப்பின் வருவாயைப் போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து அள்ளினர். தூத்துக்குடியில் 1961-க்குப்பின் பெருங்குளிப்பே நடைபெறவில்லை. முத்துப்பார் ஓய்ந்தது இயற்கையின் செயலென்று தள்ளிவிடலாம். சொற்பஞ்சம் எவர் செயல்? ஆளவந்தாரின் செயலன்றோ!

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் பொறியியலைத் தமிழில் தொடங்கியபோது குடிசாரியல், எந்திரவியல் என இரண்டையே எடுத்துக்கொண்டது. மின்னணுத் தொடர்பியல் வாயிலிலேயே நின்றுவிட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் சமைத்த ஐந்தாந்தலைமுறை ஆய்வுக்களம் 2022 மே திங்களில் தொடங்கப்பெற்றது. கருவி இங்கேயே உருவாகும். கருவியின் பெயர் மட்டும் கடல்கடந்து வரவேண்டுமோ? மேடைதோறும் முத்தமிழ் முழக்குவோர், திரேசுபுரத்துப் பரதவர் மகனுக்கு இதற்கு விடை சொல்லட்டும்.