மழுங்கின கத்திதான் ஆபத்து! கத்திக்குப் பயப்படும் துணைக்குக் கத்தி வாங்குவது எப்படி?

கல்யாணமான முதல் மாதம். எனக்கு மதிய ஷிஃப்ட். வீடு திரும்ப இரவு பத்தரை ஆகிவிடும். அவர் ஏழு மணிக்கே வந்துவிடுவார். "சாதம் வெச்சு, பருப்பு வேக வெச்சு, வெங்காயம் தக்காளி மட்டும் நறுக்கி வெச்சிருங்க. நான் வந்து பத்து நிமிஷத்துல சாம்பாரை முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போவேன்.

வந்து பார்த்தால் சாதம் ரெடி. பருப்பு குழைய வெந்திருக்கும். பூண்டுகூட உரித்து ஒரு கிண்ணத்தில் இருக்கும். ஆனால் வெங்காயமும் தக்காளியும் வைத்த இடத்தில் வைத்தபடி முழுசாக இருக்கும். கேட்டால், "போன் வந்துச்சு", "மறந்துட்டேன்", "கத்தி எங்க இருக்குன்னு தெரியல" என்று தினம் ஒரு பதில்.

இரண்டாவது வாரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலையை என் தலையில் கட்ட ஆண்கள் வழக்கமாகச் சொல்லும் சாக்குதானே இது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அரை பரங்கிக்காயை முன்னால் வைத்து, "இப்ப என் கண் முன்னாடி நறுக்குங்க" என்றேன். கத்தியைக் கையில் எடுத்தார். உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்தார். கை நடுங்கியது. நெற்றியில் வியர்வை. சாக்கு சொல்பவருக்கு இப்படி வியர்க்காது.

அப்புறம்தான் சொன்னார். ஆறு வயதில் பாட்டி வீட்டில் ஓடி விளையாடும்போது, சமையற்கட்டில் படுக்க வைக்காமல் விட்டிருந்த அரிவாள்மனை மேல் விழுந்திருக்கிறார். உள்ளங்கையில் ஆறு தையல். அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். 'கிரிக்கெட் ஆடும்போது பட்டது' என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"இதை ஏன் மறைச்சீங்க?"

"சிரிக்காதேம்மா... திருப்பாச்சேத்திப் பக்கத்துல பொறந்துட்டு கத்தின்னா பயம்னு சொன்னா ஊரே சிரிக்கும்."

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பேர் போன ஊர். நான் சிரிக்கவில்லை. ஆனால், அதற்குப் பிறகு ஒரு தப்பு செய்தேன்.

நான் செய்த தப்பு

பயப்படுகிறவருக்குக் கூர்மையான கத்தியைக் கொடுக்கலாமா? வீட்டிலேயே ரொம்ப மழுங்கின கத்தியைத் தேடி எடுத்து, "இது ஒண்ணும் பண்ணாது, தைரியமா நறுக்குங்க" என்று கொடுத்தேன். நான்காவது நாள் தக்காளி நறுக்கும்போது ஆள்காட்டி விரலில் வெட்டிக்கொண்டார்.

பலரும் நினைப்பது போலத்தான் நானும் நினைத்தேன். உண்மை நேர் எதிர். கூரான கத்தி தக்காளித் தோலில் வைத்து இழுத்ததும் உள்ளே இறங்கிவிடும். மழுங்கின கத்தி இறங்காது. அதனால் நாம் அழுத்துவோம். அப்போது வழவழப்பான தோலில் கத்தி வழுக்கும். எவ்வளவு பலமாக அழுத்தினோமோ அவ்வளவு பலத்தோடு அது பக்கத்தில் இருக்கும் விரலுக்குப் போகும். தக்காளியை வெட்டாத கத்தி விரலை நன்றாகவே வெட்டும்.

பயப்படுகிறவர் ஏற்கெனவே கத்தியை இறுக்கிப் பிடிப்பார். மழுங்கின கத்தி அவரை இன்னும் அழுத்த வைக்கும். ஆக, அவருக்குத் தேவை கூரான, ஆனால் அவருடைய கைக்குள் அடங்குகிற கத்தி.

அரிவாள்மனைக் கை வேறு, கத்திக் கை வேறு

அரிவாள்மனையில் வெட்டும் வாய் அசையாமல் நிற்கும். காய்தான் அதை நோக்கிப் போகும். கத்தியில் காய் அசையாமல் இருக்கும், வாய் நகரும். வீட்டில் அரிவாள்மனையையே பார்த்து வளர்ந்தவர்களில் பலர் கத்தி பிடித்தாலும் காயைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டை விரலை நோக்கி நறுக்குவார்கள். பழகினவர்களுக்கு அது சரி. பயப்படுகிறவர் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாது. அவருக்குக் காய் எப்போதும் பலகையில்தான் இருக்க வேண்டும்.

என்ன கத்தி வாங்கலாம்?

அளவு: ஹோட்டல் செஃப்கள் வைத்திருக்கும் 8 அங்குலக் கத்தியைப் பார்த்தாலே பயப்படுகிறவருக்கு மிரட்சி வரும். முதல் கத்தியாக மூன்றரை முதல் நான்கு அங்குல வாய் உள்ள சின்னக் கத்தி போதும். கடையில் 'பேரிங் நைஃப்' என்று கேளுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், பீன்ஸ், தக்காளி எல்லாம் இதிலேயே முடியும். கை பழகிய பிறகு 5 அங்குலத்துக்குப் போகலாம்.

முனை: சிலருக்குப் பயம் வாயைப் பார்த்து இல்லை, குத்துகிற முனையைப் பார்த்துத்தான். அவர்களுக்கு முனை மழுங்கலாக வளைந்த கத்திகள் இருக்கின்றன. ஜப்பானிய 'சான்டோகு' கத்தியின் முதுகு முனையை நோக்கிக் கீழே வளைந்து வரும். காய் நறுக்கவே செய்யப்படும் 'நகிரி' கத்தி ஏறக்குறைய நீள்சதுரமாக இருக்கும், கூர் முனையே கிடையாது. இந்த வடிவங்களில் சின்ன அளவும் கிடைக்கிறது.

பிடி: வழவழவென்று பளபளக்கும் எவர்சில்வர் பிடி பார்க்க அழகு. ஈரக் கையில் வழுக்கும். சொரசொரப்பான பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பிடி நல்லது. பிடிக்கும் வாய்க்கும் நடுவில் விரல் முன்னால் சறுக்காமல் தடுக்கும் ஒரு மேடு இருக்கிறதா என்று பாருங்கள். மரப்பிடி என்றால் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, உப்பி விரிசல் விடும்.

எடை: ரொம்ப லேசாக, தகடு மாதிரி வளைகிற கத்தி வேண்டாம். வெட்டும்போது வளைந்தால் பயப்படுகிறவருக்கு நம்பிக்கை போய்விடும். கையில் எடுத்தால் 'இருக்கிறது' என்று தெரிய வேண்டும், கனக்கக் கூடாது.

உலோகம்: ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலே போதும். கார்பன் ஸ்டீல் நல்ல கூர் பிடிக்கும், ஆனால் உடனே துடைத்து வைக்காவிட்டால் துருப்பிடிக்கும். கலர் கலராக வரும் செராமிக் கத்தி பார்க்கப் பொம்மை மாதிரி இருப்பதால் பயம் வராது என்று தோன்றும். ஏமாற வேண்டாம், அதுவும் நன்றாக வெட்டும். கீழே விழுந்தால் உடையவும் செய்யும். கை நடுங்குகிறவருக்கு அது சரிவராது.

தக்காளிக்கென்று ஒன்று: ரம்பம் போலப் பல் வைத்த சின்னக் கத்தி தக்காளித் தோலில் வழுக்காது, அழுத்தமும் தேவையில்லை. எங்கள் வீட்டில் பயத்தைப் பாதியாகக் குறைத்தது இதுதான். ஆனால், பல் பட்டால் காயம் சுத்தமாக இருக்காது, பிய்ந்த மாதிரி இருக்கும். இதிலும் கவனம் வேண்டும்.

ஆறு கத்தி, ஒரு கத்தரி, ஒரு மர ஸ்டாண்ட் என்று வரும் செட் வேண்டாம். பயப்படுகிறவருக்கு மேடையில் வரிசையாக நிற்கும் ஆறு பிடிகளைப் பார்ப்பதே தொல்லை. ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

சர்ப்ரைஸ் கிஃப்ட் வேண்டாம்!

கத்தியை ஆன்லைனில் வாங்கி ரிப்பன் கட்டி நீட்டாதீர்கள். பாத்திரக் கடைக்கு அவரையும் கூட்டிப் போங்கள். உறை போட்டபடியே கையில் பிடித்துப் பார்க்கட்டும். என் கைக்குப் பொருந்தியது அவர் கைக்குப் பொருந்தவில்லை. நான் எடுத்துக் கொடுத்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு, பச்சைப் பிடி போட்ட ஒரு சின்னக் கத்தியை அவரே எடுத்தார். தானே தேர்ந்தெடுத்த கத்தி மேல் பயம் கொஞ்சம் குறைகிறது. அவரை நேரில் பார்த்ததால் இதைச் சொல்கிறேன்.

கத்தியோடு இதையும் வாங்குங்கள்

மரம் அல்லது பிளாஸ்டிக்கில் நறுக்கும் பலகை. கண்ணாடிப் பலகையிலும் கிரானைட் மேடையிலும் நறுக்கினால் கத்தி சீக்கிரம் மழுங்கும். பலகைக்கு அடியில் ஓர் ஈரத் துணியை விரித்தால் பலகை நகராது. செலவே இல்லாத இந்த ஒரு வேலை, கை நடுக்கத்தைக் கணிசமாகக் குறைக்கும்.

தோல் சீவ ஒரு பீலர். கொத்தமல்லி, கறிவேப்பிலை, பீன்ஸுக்குக் கிச்சன் கத்தரி. வெட்டு தாங்கும் கையுறையும் கடைகளில் கிடைக்கிறது. காயைப் பிடிக்கும் கைக்குப் போட்டுக்கொள்ளலாம். வாய் உரசினால் காக்கும், முனை குத்தினால் காக்காது. அதையும் சொல்லிக் கொடுங்கள்.

முதல் பாடம்

காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்குங்கள். பூனை நகத்தை இழுத்துக்கொள்வது மாதிரி. ஜப்பானில் குழந்தைகளுக்கு இதைப் 'பூனைக் கை' என்றே சொல்லித் தருகிறார்கள். மடங்கிய விரல் கணுவை ஒட்டிக் கத்தியின் பக்கவாட்டுத் தட்டைப் பகுதி மேலும் கீழும் போகும். கணுவை விட உயரமாகக் கத்தியைத் தூக்காதவரை விரல் நுனிக்கு ஆபத்தில்லை.

உருளுகிற எதையும் முதலில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கத்தைப் பலகையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். வெங்காயம் அசையாவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முதல் வாரம் வெள்ளரி, பீன்ஸ், கத்தரிக்காய். இரண்டாவது வாரம் வெங்காயம், தக்காளி. பரங்கி, சேனை, பலாக்காயெல்லாம் பழகினவர்களுக்கே சவால். அவற்றை இப்போது கண்ணில் காட்ட வேண்டாம். என் பரங்கிக்காய்ப் பரீட்சை எவ்வளவு அநியாயம் என்று இப்போது புரிகிறது.

வீட்டுக்கான விதிகள்

* சோப்புத் தண்ணீர் நிறைந்த சிங்க்கில் கத்தியைப் போடாதீர்கள். நறுக்கியதும் கழுவி, துடைத்து, உறையில் வையுங்கள்.

* கை தவறி விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள். ஒரு அடி பின்னால் நகருங்கள். தரை பார்த்துக்கொள்ளும்.

* 'கத்தியைக் கைக்குக் கை கொடுத்தா சண்டை வரும், கீழே வை, எடுத்துப்பாங்க' என்று அம்மா சொல்வார். மூடநம்பிக்கை என்று கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் இதுதான் சட்டம்.

* விரலால் தடவிக் கூர் பார்க்காதீர்கள். தக்காளித் தோலில் அழுத்தாமல் இறங்கினால் கூர் இருக்கிறது. வழுக்கினால், தெருவில் சாணை பிடிக்கிறவர் வரும்போது கொடுத்துவிடுங்கள்.

வெட்டுப்பட்டால்?

ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் ரத்தம் நிற்காவிட்டாலோ, வெட்டு ஆழமாக இருந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருப்பதே பயத்துக்குப் பாதி மருந்து. அன்று விரலில் வெட்டுப்பட்டபோது அவர் பயந்ததைவிட நான்தான் அதிகம் பதறினேன். அந்தப் பதற்றம் அவருக்கு உதவவில்லை.

கத்தியைவிடக் கூரான ஒன்று

"இதுக்குப் போய் பயமா?", "ஆம்பளையா இருந்துக்கிட்டு...", "பொம்பளைக்குக் கத்தி பிடிக்கத் தெரியாதா?" இந்த மூன்றையும் வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று, "பாத்து... பாத்து..." என்று கத்தவும் வேண்டாம். நறுக்கிய துண்டு பெரிசாக இருக்கிறது என்று திருத்தவும் வேண்டாம். பெரிய துண்டு வெங்காயத்தில் சாம்பார் நன்றாகவே வரும்.

கத்தியைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது, அடுப்படிப் பக்கமே போக முடியவில்லை என்ற அளவுக்குப் பயம் இருந்தால், அது கத்தி மாற்றித் தீரும் விஷயம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிப் பயத்தைக் குறைக்கும் சிகிச்சை இருக்கிறது. மனநல ஆலோசகரைப் பார்க்கலாம். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழைத்தும் பேசலாம்.

எங்கள் வீட்டில் இப்போது நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு வந்தேன். மேடையில் ஒரு தட்டு. அதில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசாக வெங்காயம். பக்கத்தில் தக்காளி. பச்சைப் பிடிக் கத்தி கழுவித் துடைத்து உறைக்குள் இருந்தது. அவர் தூங்கிவிட்டார்.

பரங்கிக்காயை இன்னும் நான்தான் நறுக்குகிறேன். அது அப்படியே இருக்கட்டும்.