'பிகோஸ்' எங்கே நிற்க வேண்டும்?



கொஞ்சம் நீண்ட பதிவு. எட்டாம் வகுப்பிலிருந்து ஓ.எல். வரை படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும் லீவுக் கடிதங்களில் அடிக்கடி வரும் ஒரு வசனம் இது: "ஐ ஹாட் பீவர் பிகோஸ் ஐ டிட் நொட் கம் டு ஸ்கூல்." எழுத்துப் பிழை இல்லை. இறந்த காலம் சரி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் வசனம் சொல்வது என்ன? பாடசாலைக்கு வராதபடியால் எனக்குக் காய்ச்சல் வந்தது! காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன.

ஆசிரியர் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போடுவார். பிள்ளைக்கு எது பிழை என்று விளங்காது. விளங்காததில் ஆச்சரியமும் இல்லை. அந்தப் பிள்ளை தமிழில் மிகச் சரியாகத்தான் யோசித்திருக்கிறது: "எனக்குக் காய்ச்சல் வந்தபடியால் நான் பாடசாலைக்கு வரவில்லை." அதே ஒழுங்கில் ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்துக்கு மாற்றி, 'படியால்' இருந்த இடத்தில் 'பிகோஸ்' என்று வைத்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

விசயம் என்னவென்றால், தமிழில் 'படியால்' காரணத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'பிகோஸ்' காரணத்தின் தலைமாட்டில் நிற்கும். ரயில் பெட்டிக்குக் கொழுக்கி போல. தமிழ்ப் பெட்டிக்குக் கொழுக்கி பின்பக்கம், ஆங்கிலப் பெட்டிக்கு முன்பக்கம். இதை ஒருதரம் கரும்பலகையில் கீறிக் காட்டினால் பத்து நிமிட வேலை. ஆனால் பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ, "பிகோஸ் என்றால் ஏனென்றால்" என்ற ஒரு வரி மட்டும்.

இதற்குள் இன்னொரு கொடுமை. "பிகோஸ் என்ற சொல்லால் வசனம் தொடங்கக் கூடாது" என்று ஒரு சட்டம் வகுப்பறைகளில் உலாவுகிறது. அப்படி ஒரு சட்டம் ஆங்கில இலக்கணத்தில் இல்லை. "பிகோஸ் ஐ ஹாட் பீவர், ஐ டிட் நொட் கம் டு ஸ்கூல்" என்பது முழுக்கச் சரியான வசனம். கூடாதது, "பிகோஸ் ஐ ஹாட் பீவர்" என்று எழுதி, அதோடு முற்றுப்புள்ளி வைத்து, வசனத்தை அந்தரத்தில் விடுவது. சின்னப் பிள்ளைகள் அப்படி விடாமல் இருக்கச் சொன்ன எச்சரிக்கை காலப்போக்கில் சட்டமாகிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அதனால் பெரிய நட்டம். காரணத்தை முதலில் சொல்வதுதான் தமிழ்ப் பிள்ளைக்கு இயல்பான ஒழுங்கு. ஆங்கிலத்தில் அந்த ஒழுங்குக்கு ஒரு வழி திறந்திருக்கும்போது நாங்களே அதை அடைத்து வைத்திருக்கிறோம்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆங்கில இணைப்புச் சொற்களை நாங்கள் பட்டியலாகக் கற்பிக்கிறோம், அது பிழை. தமிழ் எப்படி இணைக்கிறது என்று முதலில் காட்டி, பிறகு ஆங்கிலம் எங்கே வித்தியாசப்படுகிறது என்று காட்ட வேண்டும். இணைப்பது மூளை, சொல் அல்ல. இரண்டு செய்திகளுக்கு இடையில் என்ன உறவு என்று தெரியாத பிள்ளைக்கு நாற்பது சொற்களைப் பாடமாக்கிக் கொடுத்து என்ன பிரயோசனம்?

அந்தப் பட்டியல்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும். ரியூசனில் கொடுக்கிற போட்டோக் கொப்பி. மோர்ஓவர், பேர்தர்மோர், நெவர்தலெஸ், கொன்சிகுவென்ட்லி. கட்டுரையில் நாலைந்து போட்டால் புள்ளி கூடும் என்று சொல்லிக் கொடுக்கப்படுகிறது. பிள்ளையும் இறால் வடையில் இறாலை அழுத்துகிற மாதிரி ஒவ்வொரு பந்தியின் தலையிலும் ஒன்றை அழுத்தி வைக்கிறது. "மை பாதர் இஸ் எ பார்மர். நெவர்தலெஸ் ஹி ஹாஸ் டூ கவ்ஸ்." 'நெவர்தலெஸ்' என்றால் 'அப்படியிருந்தும்'. கமக்காரனாக இருந்தும் அவரிடம் இரண்டு மாடு இருக்கிறதாம்! கமக்காரனிடம் மாடு இருப்பதில் என்ன முரண்?

இதைவிட நுட்பமான ஒரு பிழை உண்டு. ஆங்கிலம் படிப்பிக்கிற பலரும் அதை 'ரென்ஸ்' பிழை என்று நினைத்து ரென்ஸ் பயிற்சி கொடுப்பார்கள். உண்மையில் அது இணைப்புப் பிழை.

"காலையில் எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, சைக்கிளில் பாடசாலைக்குப் போனேன்." எங்கள் வாயில் மிக இயல்பாக வரும் வசனம். இதில் எழும்பி, கழுவி, குடித்து எல்லாம் வினையெச்சம். 'எச்சம்' என்றால் மிச்சம் நிற்பது, முடியாதது. 'போனேன்' மட்டுந்தான் முற்று. அந்த ஒரு முற்றுத்தான் காலத்தையும் ஆளையும் முழு வசனத்துக்கும் சுமக்கிறது. நாளைக்கு என்றால்? "எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, போவேன்." முன்னால் இருந்த மூன்றும் அசையவில்லை, கடைசிச் சொல் மட்டும் மாறியது. (இலக்கணக்காரர் 'எழும்பி' போன்றதை இறந்தகால வினையெச்சம் என்பார்கள். அதை மறுக்கவில்லை. நாளைக்கு நடக்கப் போவதற்கும் அதே வடிவம் வருகிறது என்பதுதான் இங்கே எனக்கு முக்கியம்.)

இந்தப் பழக்கத்தோடு ஒரு பிள்ளை ஆங்கிலத்துக்குப் போனால் என்ன எழுதும்? "ஐ வேக் அப் அன்ட் வோஷ் மை பேஸ் அன்ட் ட்றிங்க் டீ அன்ட் வென்ட் டு ஸ்கூல்." கடைசியில் மட்டும் 'வென்ட்'. பாருங்கள், பிள்ளை இறந்த காலத்தை மறக்கவில்லை. தமிழ் முறைப்படி கடைசி வினையில் கவனமாக வைத்திருக்கிறது. 'அன்ட்' என்ற சொல் எச்சத்தின் வேலையைச் செய்யும் என்று நம்பியிருக்கிறது. ஆனால் 'அன்ட்' அப்படிப்பட்ட சொல் அல்ல. அது இரண்டு பக்கமும் ஒரே தரத்து ஆட்களைத்தான் சேர்க்கும். ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும்: வோக், வோஷ்ட், ட்ராங்க், வென்ட். இந்த விளக்கத்தைக் கேட்ட பிள்ளைகள் அடுத்த கிழமையே திருந்தி எழுதுவதைக் கண்டிருக்கிறேன். ரென்ஸ் அட்டவணையை நூறுதரம் எழுதியவர்கள் திருந்தியதைக் காணவில்லை.

'ஓல்தோ' போட்டுவிட்டு நடுவில் 'பட்'டும் போடுவது அடுத்தது. "ஓல்தோ இட் ரெயின்ட், பட் வீ பிளேய்ட்." தமிழில் "மழை பெய்தாலும் விளையாடினோம்" என்னும்போது அந்த 'ஆலும்' இரண்டு பகுதிகளும் சந்திக்கிற பொருத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஓல்தோ' தூரத்தில், வசனத்தின் தொடக்கத்திலேயே போய் நின்றுவிட்டது. பொருத்துக்கு வரும்போது பிள்ளைக்கு அங்கே ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், ஒரு 'பட்'டை வைத்து அடைக்கும். பொருத்தில் ஒரு கமா போதும் என்று சொல்லுங்கள், சரிவரும். 'அன்லெஸ்' என்ற சொல்லும் இப்படித்தான் சறுக்கும். அதன் வயிற்றுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது. அது தெரியாமல் 'நொட்' ஒன்றையும் சேர்த்தால் கருத்து தலைகீழ். பத்திரங்களை இணைக்காவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று எழுத வந்தவர், இணைத்தால் நிராகரிக்கப்படும் என்று எழுதிவிடுவார்.

இவ்வளவும் பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை. 1978 அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையை நினைத்துப் பாருங்கள். முதலில் அதில் சிங்களம் மட்டும் அரச கரும மொழி. 1987இல் 13ஆவது திருத்தம் வந்தபோது, தமிழும் ஓர் அரச கரும மொழி என்று அடுத்த வரி சேர்ந்தது, அதற்கு அடுத்த வரியில் ஆங்கிலம் இணைப்பு மொழி ஆனது. ஆங்கில வாசகத்தில் அந்தத் தமிழ் வரிக்குள் 'ஓல்சோ' என்று ஒரு சிறிய சொல் இருக்கிறது. தமிழில் சொல்வதானால் 'தமிழும்' என்பதில் உள்ள 'உம்'. 1956இலிருந்து எத்தனை சண்டை, எத்தனை உயிர், கடைசியில் ஒரு 'உம்'! அது சமமாக வந்த 'உம்'மா, பின்னால் கொண்டுவந்து ஒட்டிய 'உம்'மா என்று இன்றைக்கும் வாதிடுகிறவர்கள் உண்டு. 1990 ஒக்டோபருக்குப் பிறகு திரும்பி வந்து, "நாங்களும் யாழ்ப்பாணத்து ஆட்கள்தான்" என்று சொல்ல வேண்டியிருந்த எங்கட சனத்துக்கு அந்த எழுத்தின் பாரம் நன்றாகத் தெரியும்.

இணைப்பு மொழி என்றால் நடைமுறையில் என்ன? தமிழ் தெரியாத அலுவலருக்கு, சிங்களம் எழுதத் தெரியாத நாங்கள், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறோம். "மின்சாரத்தைத் துண்டித்தார்கள், ஆகவே நான் கட்டணம் கட்டவில்லை" என்பதும் "நான் கட்டணம் கட்டவில்லை, ஆகவே மின்சாரத்தைத் துண்டித்தார்கள்" என்பதும் ஒன்றா? அதே இரண்டு செய்திகள்தான். இணைப்புச் சொல் நிற்கிற இடத்தைப் பொறுத்துக் குற்றவாளி மாறிவிடுகிறார். லீவுக் கடிதத்தில் சிரித்துவிட்டுப் போகலாம். முறைப்பாட்டுக் கடிதத்திலோ காணிப் பிணக்கிலோ அப்படிப் போக முடியாது.

சரி, ஆங்கில வகுப்புக்குள் தமிழைக் கொண்டுவரலாமா என்று சில பெற்றோர் முகம் சுழிப்பார்கள். "முழுக்க இங்கிலிஷில் கதைச்சால்தானே பிள்ளைக்கு வரும்?" என்பார்கள். பேச்சுப் பழக அது சரி, அதுவும் சின்ன வயதில். ஆனால் பதின்மூன்று பதினாலு வயதில் கட்டுரை எழுதுகிற பிள்ளையின் தலைக்குள் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. வாசலில் நின்று மறித்தாலும் அது பின்கதவால் வரும். மேலே சொன்ன பிழைகள் எல்லாம் அப்படி வந்தவைதான். முன்கதவால் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது நல்லது.

இது நான் கண்டுபிடித்த புதுமையும் அல்ல. 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், இன்றைய யாழ் மத்திய கல்லூரியான வெஸ்லியன் மிசன் பாடசாலையில் ஆங்கிலம் படித்தார், பிறகு அங்கேயே படிப்பித்தார். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணையாக இருந்தார். இரண்டு மொழிகளின் வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை அது. தமிழ் உரைநடையில் கமா, முற்றுப்புள்ளி போன்ற குறிகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முன்னுக்கு நிற்பவர். எங்கே வசனம் முடிகிறது, எங்கே தொடர்கிறது என்பதை அவர் அவ்வளவு கவனித்திருக்கிறார். பிள்ளைகளுக்கென்று இலக்கணச் சுருக்கமும் எழுதினார். அவர் பெயரில் வீதி வைத்திருக்கிறோம். அந்த வீதியால் ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்கு 'எச்சம்' என்றால் என்னவென்று கேட்டால் முழிக்கிறது.

எங்கள் சமூகத்திலும் ஆள் இருக்கிறார். ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, சிவில் சேவைக்குப் போனவர். பிறகு கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். தமிழைத் தள்ளிவைத்துத்தான் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தமிழ் இலக்கணம் இந்த விசயத்தில் எவ்வளவு கூர்மை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தொல்காப்பியம் அந்த ஒரு 'உம்'முக்கு எட்டுப் பொருள் சொல்கிறது, நன்னூலும் எட்டே சொல்கிறது. "அம்மாவும் அப்பாவும் வந்தனர்" என்பதில் வருவது எண்ணும்மை. "எல்லாரும் வந்தனர்" முற்றும்மை. "அவனும் வந்தான்" என்றால் வேறு ஆட்களும் வந்தார்கள் என்று அர்த்தம், எச்சவும்மை. ஆங்கிலத்துக்குப் போகும்போது முதலாவது 'அன்ட்' ஆகும். இரண்டாவதுக்குத் தனியாகச் சொல்லே வேண்டாம், 'ஓல்' அல்லது 'எவ்ரிபடி'க்குள் அது அடங்கிவிடும். மூன்றாவது 'ஓல்சோ' அல்லது 'டூ'. இந்த மூன்றையும் தமிழில் பிரித்தறிகிற பிள்ளை 'அன்ட்' வைக்கிற இடத்தில் தடுமாறாது. தமிழ் ரீச்சரும் இங்கிலிஷ் ரீச்சரும் மாதத்தில் ஒரு பாடவேளை ஒன்றாக இருந்து இந்தப் பாடத்தை எடுத்தால் என்ன? ஒரே ஸ்டாப் ரூமில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள்தானே.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, ஆங்கிலம் தெரியாத உம்மாவும் செய்யலாம். பிள்ளைக்கு இரண்டு தமிழ் வசனம் கொடுங்கள். "பஸ் பிந்தியது." "சோதனைக்கு நேரத்துக்குப் போனேன்." இதை இணைக்கச் சொல்லுங்கள். "பஸ் பிந்தினாலும்" என்று சொன்னால், ஏன் 'பிந்தியபடியால்' என்று சொல்லவில்லை என்று கேளுங்கள். 'படியால்' வர வேண்டுமென்றால் இரண்டாவது வசனத்தை எப்படி மாற்றுவாய் என்றும் கேளுங்கள். ஓட்டோவில் போனேன் என்று சொல்லும், அல்லது சோதனையைத் தவறவிட்டேன் என்று சொல்லும். எது சொன்னாலும் அதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, அடுத்த நாள் பாடசாலைக்குக் கொப்பியைக் கொடுத்துவிடுங்கள். 'ஓல்தோ' எங்கே, 'பிகோஸ்' எங்கே, கமா எங்கே என்று நாங்கள் பார்க்கிறோம்.