புகைக்குப் படி கேட்பதா?



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து, "ஆலைப் புகையை நிறுத்து என்று கத்தி என்ன கண்டோம்? புகைக்கென்று மாதாமாதம் தனிப் படி கேட்போம், பிள்ளைகள் படிப்புக்காவது ஆகும்" என்றார். நல்ல கைதட்டல். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ரஷ்யாவின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் நோரில்ஸ்க் என்றொரு நகரம். நிக்கலும் செம்பும் பல்லேடியமும் விளைகிற பூமி. ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சம் ஜனங்கள். குளிர்காலத்தில் ஒன்றரை மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. வெளியே போக ரோடு கிடையாது. ரயில் பாதை உண்டு. ஆனால் அது எனிசேய் ஆற்றங்கரையிலுள்ள துதிங்கா துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது, நாட்டின் வேறெந்தப் பாதையோடும் சேர்வதில்லை. ரயில்வேக்காரனான எனக்கு இதுதான் பெரிய வியப்பு. தாதுவை வெளியே கொண்டுபோக வழி வைத்தார்கள், மனிதன் போக வைக்கவில்லை.

1935இல் அந்த ஊரைக் கட்டத் தொடங்கியவர்கள் கைதிகள். 1953இல், ஸ்டாலின் இறந்த சில மாதங்களில், அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உடுப்பில் தைத்த எண்ணை எடு, வீட்டுக்குக் கடிதம் எழுத விடு, வேலை நேரத்தைக் குறை என்று கேட்டார்கள். துப்பாக்கியால் அடக்கினார்கள். தொழிலாளர் ராஜ்யம் என்று சொல்லிக்கொண்ட இடத்தில்தான் இது நடந்தது. நம்மில் சிலருக்குக் கசக்கும், அதற்காக மறைக்க முடியாது.

முகாமை 1956இல் மூடினார்கள். பிறகு ஆள் பிடிக்கச் சம்பளம் வந்தது. வடக்கே வேலை செய்பவனுக்குத் தனிப் படி, நீண்ட லீவு, சீக்கிரமே பென்ஷன். மற்ற ரஷ்யாவை அவர்கள் 'பெருநிலம்' என்கிறார்கள், தாங்கள் ஏதோ தீவில் இருப்பது போல. கொஞ்சம் சேர்த்துக்கொண்டு பெருநிலம் போய்விடலாம் என்று வந்தவர்கள் அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தார்கள். "ரெண்டு வருஷம், அப்புறம் ஊரோடு போயிடலாம்" என்று நம் வீட்டிலும் கேட்ட பேச்சுத்தானே?

படி ஒழுங்காக வந்தது. புகையும் ஒழுங்காக வந்தது: பல வருஷங்களாக, வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் டன் கந்தக டை ஆக்ஸைடு. சுற்றுக் காடு பட்டுப்போய் நிற்கிறது. பெரிய உருக்காலையின் பெயர் நதேஷ்தா, அதாவது 'நம்பிக்கை'; பெயர் வைத்தவனைப் பார்க்க வேண்டும். 2016இல் தல்திகான் ஆறு ரத்தச் சிவப்பாக ஓடியது. 2020 மே 29 அன்று மின் நிலையத்தின் டீசல் தொட்டி உடைந்து 20,000 டன்னுக்கு மேல் கொட்டியது. உறைந்த மண் இளகியதே காரணம் என்றது கம்பெனி. தொட்டியைச் சரியாகக் கவனிக்காததும் காரணம் என்று விசாரணையில் வெளிவந்தது. 2021இல் கோர்ட் விதித்த இழப்பீடு 14,600 கோடி ரூபிள்.

இன்னொன்றும் நடந்தது. நகரத்துக்குள்ளேயே இருந்த பழைய நிக்கல் ஆலையை 2016இல் மூடினார்கள். நகரின் காற்று ஓரளவு தெளிந்தது. அத்தனை வருஷப் படியும் செய்யாததை ஒரு பூட்டு செய்தது.

அப்படியானால் நம் ஆலையையும் மூடச் சொல்கிறாயா, அடுப்பு எப்படி எரியும் என்பீர்கள். இல்லை. புகைக்குழாயில் வடிகட்டி வை, இரவில் திறந்துவிடாதே, பிள்ளைகளின் நெஞ்சை வருஷத்துக்கொரு முறை உன் செலவில் சோதனை செய். இவை மூன்றும்தான் மனுவில் இருக்க வேண்டும். படி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டால், நாளை புகையைப் பற்றிப் பேச வாய் ஏது? "அதற்குத்தான் காசு தருகிறோமே" என்பான்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் இரண்டு மனுக்களும் மேஜையில் இருக்கும். பெண்களும் வர வேண்டும். இருமுகிற பிள்ளையோடு இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் அவர்கள்தான்.