சுவரில் இருப்பதா பினாங்கு?

பினாங்குக்கு வார இறுதியில் போய் வருகிறவர்களின் கைபேசியைத் திறந்தால், பெரும்பாலும் அந்தச் சைக்கிள் படம் இருக்கும். ஜார்ஜ் டவுனின் அர்மேனியன் தெருவில், லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிக் 2012இல் வரைந்த இரண்டு குழந்தைகள். அவர்களுக்கு முன்னால் நிஜச் சைக்கிள். நல்ல ஓவியம்தான். ஆனால் இருப்பதே இரண்டு நாள். அதில் ஒரு காலைப் பொழுதைச் சுவருக்கு முன் வரிசையில் நின்று கழிப்பது வீண்.

ஊர் இருப்பது பக்கத்துச் சாலையில். 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், ஊதுவத்திப் புகை ஓயாத சீனர்களின் குவான் யின் கோயில், 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில், 1801இல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் ஒரு கிலோமீட்டர் நடைக்குள் அடங்கிவிடும். சுற்றுலாத் துறை இதற்கு நல்லிணக்கம் என்று பெயர் சூட்டி விற்கிறது. சேர்த்துவைத்தது என்னவோ வியாபாரம். 1786இல் ஃபிரான்சிஸ் லைட் இங்கே துறைமுகம் திறந்ததும், சரக்கோடு வந்தவர்கள் அவரவர் சாமியையும் கொண்டுவந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மரைக்காயர்கள் சூலியா தெருவில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா கட்டினார்கள். நகரத்தார் 1894இல் வெள்ளி ரதம் வரவழைத்தார்கள். தைப்பூசத்துக்கு முந்தின நாள் அந்த ரதம் தண்ணீர்மலைக் கோயிலை நோக்கிப் புறப்படும்போது, வழிநெடுக மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். எந்த அரசாணையும் போட்டு வந்த வழக்கமல்ல அது.

சாப்பாட்டிலும் இதே கதை. தமிழ் முஸ்லிம்கள் காவடித் தடியில் சோற்றையும் குழம்பையும் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற நாசி கண்டார், இன்று மலாய்க்காரருக்கும் சீனருக்கும் சொந்தச் சாப்பாடு. நாலைந்து குழம்பைக் கலந்து சோறு மூழ்க ஊற்றச் சொல்லிச் சாப்பிடுவதே முறை. தனித்தனிக் கிண்ணம் கேட்பவர் வெளியூர் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவும் ஆட்கள் குடியிருந்ததால் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்த சட்டம் 2000இல் நீங்கியது. பல தலைமுறையாகக் கீழே தொழிலும் மேலே குடித்தனமுமாக இருந்தவர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டடங்கள் பிழைத்தன. ஆனால் பழைய கடைவீடுகள் பல தங்கும் விடுதியும் காப்பிக் கடையுமாக மாறிவிட்டன. வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறவர்கள் தரும் காசுதான் இதற்கு உரம். அவர்கள் கைகழுவிவிட முடியாது.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவுக்குப் போகலாம் என்பதால், தமிழ்நாட்டிலிருந்தும் கூட்டம் கூடத்தான் செய்யும். போகிறவர்கள் சங்கிலி விடுதிகளை விட்டு ஊர்க்காரர் வீட்டு அறையில் தங்கட்டும். மூன்று வேளையும் தெருக்கடையில் சாப்பிடட்டும். பழைய தெருக்களில் இன்னும் தொழில் நடத்தும் பொற்கொல்லரிடமோ ஊதுவத்திக்காரரிடமோ ஏதாவது வாங்கட்டும். பினாங்கு மலை ரயில் 1923 முதல் ஓடுகிறது. அதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.