எல்லாம் பீனிசம் அல்ல

காசநோய் என்றதும் எமது மக்களின் மனக்கண்முன் தோன்றுவது இருமலும் சளியும் மெலிந்த உடலுமே. நிணநீர்க்கணு, எலும்பு, மூளையுறை என்று நுரையீரலுக்கு வெளியேயும் அது குடியேறும் என்பதைப் பலர் அறியார். மூக்கிலும் வரும் என்றால் நம்ப மறுப்போரே அதிகம். அது அரிது என்பது உண்மை. அரிது என்பதனாலேயே அது கவனத்துக்குத் தப்பிவிடுகிறது என்பதும் உண்மை.

ஒரு பக்க மூக்கடைப்பு, காய்ந்த பொருக்கு, இடையிடையே இரத்தக்கசிவு. எமது ஊர்களில் இதனைப் பீனிசம் என்று சொல்லி ஆவி பிடிப்பார்கள். வெளிநோயாளர் பிரிவின் நீண்ட வரிசையிலோ ஒருவருக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே. ஒவ்வாமை மாத்திரை, நுண்ணுயிர்க்கொல்லி, மூக்கில் தெளிக்கும் மருந்து என மாதங்கள் கழியும். அதற்குள் மூக்கின் நடுச்சுவர்க் குருத்தெலும்பு அரிக்கப்பட்டுத் துளை விழுந்துவிடலாம். பின்னர் நோய் குணமானாலும் அத்துளை பொதுவாகத் தானாக மூடுவதில்லை.

கண்ணால் பார்த்து மட்டும் இந்நோயைத் தீர்மானிக்க முடியாது. புற்றுநோய், பங்கசுத் தொற்று, தொழுநோய், இரத்தக்குழாய் அழற்சி என்பனவும் இதே வேடத்தில் வரும். இரத்தக்குழாய் அழற்சி என்று தவறாக எண்ணி ஸ்ரெரொயிட் மட்டும் கொடுத்தால், உடலின் எதிர்ப்புச்சக்தி தளர்ந்து காசநோய் மேலும் பரவ வழிபிறக்கும்.

எனவே சில வாரச் சிகிச்சைக்குப் பின்னரும் ஆறாத மூக்குப்புண்ணில் இருந்து சிறு சதைத்துண்டு எடுத்து ஆராய்வது வழமையாக வேண்டும் என்பதே எனது வாதம். மரத்துப்போகும் மருந்திட்டு, காது மூக்குத் தொண்டைச் சிகிச்சைப் பிரிவிலேயே பெரும்பாலும் இதனைச் செய்துவிடலாம். விடுதியில் தங்க வேண்டியதில்லை. ஆனால் துண்டு முழுவதையும் போர்மலினில் இட்டால் கிருமி இறந்துவிடும். வளர்ப்புப் பரிசோதனைக்கென ஒரு பகுதியைச் சேலைனில் தனியே அனுப்புதல் அவசியம். மூக்குப்புண்ணில் கிருமிகள் குறைவு என்பதால் சாயமிட்டுப் பார்க்கையில் அவை தென்படாமற் போவதுண்டு. வளர்ப்புக்கு வாரங்கள் எடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2010 இல் அங்கீகரித்த ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனை சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை தரும். எனினும் அது 'இல்லை' என்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகாது. நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தாக வேண்டும். மூக்கு நோயின் மூலம் நுரையீரலில் ஒளிந்திருக்கலாம்.

கண்டறிந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. வழமையான சிகிச்சை ஆறு மாதங்கள்: முதல் 2 மாதங்கள் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதங்கள் இரண்டு மருந்துகள். வீட்டிலிருந்தே உட்கொள்ளலாம். வீட்டுச் சிகிச்சை சானிட்டோரியச் சிகிச்சைக்கு ஏறக்குறைய ஈடானது என்பதை, 1956 இல் சென்னையில் தொடங்கி 1959 இல் வெளியான ஆய்வு உலகுக்கே உணர்த்தியது. இலங்கையில் அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இம்மருந்துகளை இலவசமாக வழங்குகின்றன.

மருந்து இருக்கிறது, அதைக் கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. இல்லாதது சந்தேகம் மட்டுமே. மாதக்கணக்கில் ஆறாத மூக்கோடு மூன்றாம் முறையும் வரிசையில் வந்து நிற்பவரிடம் அதே மருந்துத்துண்டை மீண்டும் எழுதிக் கொடுக்காமல், 'இது வேறேதும் ஆகுமோ?' என்று ஒரு வைத்தியர் ஐயுறுவதற்குச் செலவு எதுவும் இல்லை. ஐயுறாமல் விட்டால், அதன் விலையை அந்த நோயாளி தன் முகத்தில் சுமக்க நேரும்.