இம்மாதம் பார்த்ததும் கேட்டதும்



பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களானாலும் சரி, சுங்கைப் பட்டாணித் தாமான்களானாலும் சரி, பொழுது சாய்ந்ததும் நம் வீட்டுத் தொலைக்காட்சி தமிழ்நாட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே மாமியாரும் மருமகளும் போடும் சண்டை நமக்கு மனப்பாடம். நம்முடைய கதையை யார் சொல்கிறார்கள்? இம்மாதம் அதைத் தேடிப் பார்த்தேன். கிடைத்தவை நான்கு. நான் அறிந்துகொண்டதுதான் புதிது. வெளிவந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

முதலாவது, ‘ஜகாட்’ திரைப்படம். பெயரைக் கேட்டதும் வடமொழி என்று எண்ணிவிடாதீர்கள். கெட்டவனை மலாய் மொழியில் ‘ஜஹாட்’ என்பார்கள் அல்லவா? அதுதான் நம்மவர் வாயில் ஜகாட் ஆயிற்று. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி, 2015 டிசம்பரில் வெளிவந்த படம் இது.

கதை நடக்கும் காலம் 1990களின் தொடக்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையும் லயத்து வீடும் ஒருசேரப் பறிபோன குடும்பங்கள் புறம்போக்கு நிலத்தில் வாழ்கின்றன. பன்னிரண்டு வயது அப்போய் குறும்புக்காரன், கற்பனை நிறைந்தவன். மகன் படித்து முன்னுக்கு வரவேண்டும் என்று தகப்பன் மணியம் துடிக்கிறார். அதற்கு அவர் கண்ட வழி அடிதான். நெருங்கிய உறவில் ஒருவர் குண்டர் கும்பலில் இருக்கிறார். இன்னொருவர் போதையில் அழிந்து மீண்டவர். பையன் எந்தப் பக்கம் சாய்வான்?

2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்ற ஏற்பாட்டுக்குப் பலத்த எதிர்ப்பு கிளம்பியது. ஏற்பாடு மாறியது. ஆண்டின் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது நம் ஜகாட்டுக்கே வந்தது.

வாத்தியார் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் அப்போய் உண்டு. கணக்கில் முட்டை வாங்குவான். கதை சொல்லச் சொன்னால் வகுப்பே வாயைப் பிளந்து கேட்கும். அவன் முதுகைத் தட்டிக் கொடுக்க வீட்டிலும் பள்ளியிலும் ஆள் இல்லாவிட்டால், முச்சந்தியில் மோட்டார் சைக்கிளோடு நிற்பவன் தட்டிக் கொடுத்துவிடுவான். ஆகவே பெற்றோரே, வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து இப்படத்தைப் பாருங்கள். கடுமையான காட்சிகள் உண்டு. சின்னஞ்சிறுசுகள் தூங்கிய பிறகு பார்ப்பது நல்லது.

இரண்டாவது, தீபக் குமாரன் மேனன் 2005இல் தந்த ‘செம்மண் சாலை’. 1960களின் ரப்பர் தோட்டக் குடும்பம். மேற்படிப்புக்கு ஏங்கும் மகள் சாந்தா. அடிதடி இல்லை, ஆட்டம் இல்லை. பாட்டியோடு பார்த்தால், படத்தில் இல்லாத பாதிக் கதையைப் பாட்டியே சொல்லிவிடுவார்.

மூன்றாவது இளைஞர்களுக்கு. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு, 2006. 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய ‘மடை திறந்து’ பாட்டை எடுத்துத் தங்கள் சொல்லிசையோடு சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. பாட்டு எப்போதும் அங்கிருந்துதான் இங்கே வரும் என்றில்லை, பார்த்தீர்களா!

நான்காவது, காமன் கூத்து. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதம் நடப்பது. அதன் ஒளிப்பதிவைப் பார்த்தேன். தப்பு முழங்குகிறது, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள். வேடம் கட்டுவோர் தோட்டத்துத் தொழிலாளர்களே. நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பல் ஏறிய அந்தக் காலத்தில் இலங்கைக்குப் போன நம்மவர் இன்றும் அதை ஆடுகிறார்கள்.

உங்கள் தோட்டத்துத் திருவிழாவில் என்ன நாடகம் போட்டார்கள்? ராஜபார்ட் யார்? பெண் வேடம் கட்டியவர் யார்? வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். அவர் பேசும்போதே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தாமான் வருகிறது. மேடை இருந்த இடத்தைக் காட்டக்கூட ஆள் இல்லாமல் போவதற்குள் கேட்டு, எனக்கும் எழுதுங்கள். அடுத்த மாதம் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.