வெந்தயமும் கணக்கேடும்

கணக்கேடு என்பது வணிகரின் இலாப நட்டத்தைச் சொல்வது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது மக்களின் உயிர்காக்கும் ஏடாகவும் ஆகலாம் என்பதை, 2011ஆம் ஆண்டு ஜேர்மனியில் நிகழ்ந்தவற்றைப் படித்த பின்னரே உணர்ந்தேன்.

அவ்வாண்டு மே மாதத்தில் வட ஜேர்மனியில் பலர் குருதி கலந்த வயிற்றோட்டத்தாலும் சிறுநீரகப் பழுதாலும் துன்புற்றனர். நோயுற்றோர் ஏறத்தாழ 4,000 பேர். மாண்டோர் 50 பேருக்கு மேல். ஹம்பேர்க் நகரச் சுகாதார அதிகாரிகள் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மீது பழி சுமத்தினர். சில நாட்களிலேயே, அக்காய்களிலிருந்த கிருமி வேறினத்தது எனப் பரிசோதனை காட்டிற்று. ஆயினும் பழிச்சொல்லின் வேகம் உண்மைக்கு ஏது? வாங்குவாரின்றி நல்ல காய்களும் குப்பையாயின. உழவரின் இழப்பை ஈடுசெய்ய ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ ஒதுக்க நேர்ந்தது.

நோயாளர் உண்ட உணவின் வழியைப் பின்தொடர்ந்தோர், கீழ்ச் சாக்சனி மாநிலத்தில் முளைவிதை வளர்க்கும் ஒரு பண்ணையை அடைந்தனர். ஜூன் மாதம் பிரான்சில் போர்டோ நகருக்கு அருகிலும் அதே கிருமி தோன்றியது. ஈரிடத்துக்கும் பொதுவாயிருந்தது, எகிப்திலிருந்து 2009இல் கப்பலேறிய 15,000 கிலோ வெந்தயம். அதில் 75 கிலோ மாத்திரமே அப்பண்ணைக்குப் போயிருந்தது. சோதித்த விதைகளிற் கிருமி அகப்படவில்லை; ஏடுகளே சாட்சி கூறின. எகிப்து மறுத்தபோதிலும், அந்த ஏற்றுமதியாளரின் வெந்தயத்தை மீளப்பெற்று அழிக்குமாறு ஒன்றியம் பணித்தது.

ஈண்டு இருவகை அழிவுகளைக் காண்கிறோம். ஏட்டைப் பாராது அழித்தது உழவனின் உழைப்பை. ஏட்டைப் பார்த்து அழித்தது ஐயத்துக்குரிய பண்டத்தை. யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்பதை ஒவ்வொரு வணிகரும் காட்டவேண்டுமென்ற ஐரோப்பிய விதி 2005 முதலே நடைமுறையில் இருந்தது. முளைவிதைகளுக்கெனத் தனி விதி 2013இல் வந்தது. சட்டம் இருந்தும் நாவே முந்திக்கொண்டது என்பதன்றோ இதன் பாடம்? கழிவுக்கும் கணக்கு வேண்டும். அழித்ததாகச் சொல்லப்படும் பண்டம் அழிந்ததென எழுதிவைக்கப்படாவிடின், அது மறுவாசலால் சந்தைக்கு மீளலாம்.

என் அடுக்களைப் போத்தலிலும் வெந்தயம் இருக்கிறது. நன்கு வேகவைத்தாற் கிருமி மடியுமாதலால் அச்சமில்லை. எனினும், எந்நாட்டு விதை இது என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“மூட்டையில் வந்தது, ஐயா” என்றார்.

அந்த மூட்டைக்கு அப்பால் அவரிடம் ஏடில்லை. கேட்கும் வழக்கம் நம்மிடமும் இருந்ததில்லை.